ஆக்குபேஷனல் தெரபி படித்தவர்கள் சிவி எழுதும்போது

நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. அதில் நான்கு வருடப் படிப்பும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் முடிந்த கையோடு மூன்று பக்கத்துக்கு ஒரு சிவி தயார் செய்தேன். பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு அனுப்பியதில் ஒரே ஒரு அழைப்பு வந்தது. அங்கே எச்.ஆர். கேட்ட முதல் கேள்வி, "தியேட்டர்ல எத்தனை நாள் போஸ்டிங் பார்த்தீங்க?" மருத்துவமனைகளில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். நானோ ஆக்குபேஷனல் தெரபியைச் சுருக்கி சிவி முழுக்க ஓ.டி., ஓ.டி. என்றே எழுதியிருந்தேன். அதனால் தலைப்பிலேயே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று முழுசாக எழுதுங்கள். சிவியை முதலில் பிரித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் நம் துறைக்காரராக இருக்க மாட்டார்.

அப்புறம் என் சீனியர் அக்கா ஒருவரிடம் அதைக் காட்டினேன். "பக்கவாத நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தேன்" என்ற வரியில் விரலை வைத்தார். "இதை பிசியோவும் எழுதுவாங்க, நர்ஸும் எழுதுவாங்க. அவர் எதைச் செய்ய முடியாம வந்தார், போகும்போது எதைச் செஞ்சார்? அதை எழுதும்மா" என்றார்.

உட்கார்ந்து யோசித்தேன். அந்த வரி இப்படி மாறியது: "வலப்பக்கம் செயலிழந்து வந்த தையல் தொழிலாளி. ஒரு கையால் உடுத்தப் பழக்கினேன். ஸ்பூனுக்குத் தடித்த பிடி செய்து கொடுத்தேன். வீட்டுக் கழிப்பறையில் கைப்பிடி வைக்கச் சொன்னேன். எட்டு வாரத்தில் பார்தெல் இன்டெக்ஸ் 35-லிருந்து 60." பார்தெல் இன்டெக்ஸ் என்பது அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மார்க். நம் வேலை என்னவென்று இதைப் படிக்கிற யாருக்கும் புரியும். இப்படி இரண்டு மூன்று கேஸ் போதும். பெயர், ஊர், வயது எதுவும் வேண்டாம். அவர்கள் நம்மை நம்பி வந்தவர்கள்.

மதிப்பீட்டுக் கருவிகளில் நீங்களே கையாண்டதை மட்டும் போடுங்கள். சி.ஓ.பி.எம். (அன்றாட வேலைகளில் செயல்திறனையும் திருப்தியையும் அளக்கும் கருவி) என்று போட்டிருந்தால், "அதில் மார்க் போடுவது யார்?" என்று கேட்பார்கள். 1 முதல் 10 வரை மார்க் போடுவது நோயாளிதான், நாம் இல்லை. ஒருமுறையாவது செய்து பார்த்தவருக்கு இது உடனே வாயில் வந்துவிடும். ஸ்பிளின்ட்டும் அப்படித்தான். மணிக்கட்டைத் தாங்கும் காக்-அப் ஸ்பிளின்ட்டுக்கு நீங்களே அளவெடுத்து, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, வெந்நீரில் இளக்கி, கையில் வைத்து வடிவமைத்திருந்தால் அதைத் தனி வரியாகவே எழுதலாம். பல இடங்களில் இதற்கு ஆள் தேடுகிறார்கள்.

குழந்தைகள் தெரபி மையத்துக்கும் மருத்துவமனைக்கும் ஒரே சிவியை அனுப்பாதீர்கள். மையத்துக்குக் கையெழுத்துப் பயிற்சி, உணவூட்டல், சென்ஸரி (புலன் சார்ந்த) வேலைகள் மேலே வரட்டும். அப்பா பெயர், மதம், கடைசியில் போடும் உறுதிமொழி, இதையெல்லாம் படிவத்தில் கேட்டால் மட்டும் கொடுத்தால் போதும்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் மணிக்கணக்கு முக்கியம். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பு குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறது. பிரிட்டனில் வேலை பார்க்க, அங்கே தெரபிஸ்ட்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு கட்டாயம். எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் என்று லாக் புக்கில் எழுதி, போஸ்டிங் முடிகிற அன்றைக்கே சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் ஒரு வருடம் கழித்துப் போனபோது என் சூப்பர்வைசர் வேறு ஊருக்கு மாறியிருந்தார். அந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு மாதம் அலைந்தேன்.