ஜொகூர் பாலத்து நெரிசலும் இன்டர்கூலருக்குப் பொருத்திய மின்விசிறியும்

சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் வீடு என்று வாழ்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையின் பாலத்து நெரிசலை விளக்க வேண்டியதில்லை. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல்தான். ஆனால் அதைக் கடக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்த நாட்கள் பல. அவ்வளவு நேரம் ஊர்ந்துவிட்டு, குடிநுழைவுச் சோதனையை முடித்து விரைவுச்சாலையில் ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், என்னுடைய 2004ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் முதல் சில நிமிடங்களுக்கு மூச்சு வாங்குவதுபோல் ஓடும். அந்தச் சில நிமிடங்களைச் சரிசெய்வதற்காகவே, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு மின்விசிறி பொருத்தினேன்.

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ, காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. வெளிக்காற்று 32 டிகிரி செல்சியஸ், டர்போ கூட்டும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 1 பார், அதன் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டால், டர்போவைவிட்டு வெளியேறும் காற்று ஏறத்தாழ 125 டிகிரியைத் தொடும். நல்ல காற்றோட்டத்தில் இருக்கும் இன்டர்கூலர் அதை 60 டிகிரி அளவுக்கு இறக்கிவிடும். டபிள்யூஆர்எக்ஸில் இன்டர்கூலர் பானெட்டுக்கு அடியில், எஞ்சினின் பின்பகுதிக்கு மேலே படுத்திருக்கிறது. பானெட்டில் உள்ள காற்றுவாய் வழியாக வரும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. கார் நின்றால் அந்தக் காற்றும் நின்றுவிடும். கீழிருந்து எழும் எஞ்சின் வெப்பமும், பக்கத்திலேயே இருக்கும் டர்போவின் வெப்பமும் அலுமினியத்தில் ஊறிப்போகும். குளிர்விக்க வேண்டிய பாகமே காற்றைச் சூடாக்கத் தொடங்கும் நிலை அது. எஞ்சினில் நாக்கிங், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது, எழும் அறிகுறி தெரிந்தவுடன் எஞ்சினின் கணினி தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளிவிடுகிறது. மிதித்தும் வண்டி இழுக்காததற்குக் காரணம் இதுதான்.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியது வெப்பநிலையை அளப்பது. அதையும் சரியான இடத்தில் அளக்க வேண்டும். காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டிக்கொண்டு, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை ஒன்றும் மோசமில்லையே என்று நான் பல வாரங்கள் நம்பியிருந்தேன். இந்த வண்டியில் அந்த வெப்பநிலையை அளக்கும் உணரி, காற்று வடிகட்டியை அடுத்து, உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ உணரியிலேயே, அதாவது டர்போவுக்கு முன்பே அமைந்திருக்கிறது. இன்டர்கூலரைக் கடந்து வரும் காற்றின் நிலை அதற்குத் தெரியவே தெரியாது. எனவே இன்டர்கூலருக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பில், வெப்பநிலையை அளக்கும் ஒரு தெர்மோகப்பிளை நுழைத்துத் தனியாக அளந்தேன். ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகு அது 74 டிகிரி காட்டியது. நெரிசல் தீர்ந்து ஓடத் தொடங்கிய பின், 45 டிகிரிக்கு இறங்க நான்கு நிமிடங்கள் எடுத்தது.

முதலில் ஒரு பட்டறையில் கொடுத்து விசிறியைப் பொருத்தினேன். வெப்பம் மேல்நோக்கித்தானே எழும் என்ற எண்ணத்தில், காற்று மேல்நோக்கி வீசும்படி மாட்டிக் கொடுத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் அது முற்றிலும் தவறான ஏற்பாடு. எஞ்சின் அறையின் கொதிக்கும் காற்றையே இழுத்து இன்டர்கூலருக்குள் தள்ளும் விசிறி, ஓடும்போது காற்றுவாய் வழியாக இறங்கும் காற்றையும் எதிர்க்கும். இரண்டே வாரத்தில், டர்போ பக்கம் இருந்த விசிறியின் பிளாஸ்டிக் இதழ்கள் ஓரம் சுருண்டு, நுனியில் வெண்மை பூத்துப்போயிருந்தன.

மறுமுறை நானே பிரித்து மாட்டினேன். தடிமன் குறைந்த ஆறு அங்குல விசிறிகள் இரண்டை இன்டர்கூலரின் அடிப்பக்கத்தில், வெளிக்காற்றைக் காற்றுவாய் வழியாக இழுத்துக் கீழே தள்ளும்படி வைத்தேன். டர்போ இருக்கும் பக்கத்தை விட்டு விலக்கி, இடையே ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் கொடுத்தேன். விசிறியை நேரடியாக இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளோடு ஒட்டி வைத்தால் அதன் வட்டத்துக்கு நேராக உள்ள பகுதி மட்டுமே குளிரும். ஆகவே இன்டர்கூலரின் அடிப்பக்கம் முழுவதையும் மூடும் அலுமினிய உறை ஒன்றை வெட்டி, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு விசிறிகளை அதில் பதித்தேன். பானெட்டின் காற்றுவாய்க்கும் இன்டர்கூலருக்கும் நடுவே உள்ள ரப்பர் பட்டை பழையதாகி விரிசல் கண்டிருந்தது. அதை மாற்றியது விசிறிக்கு இணையான பலனைத் தந்தது என்றே கருதுகிறேன், ஏனெனில் அந்த இடைவெளி இருக்கும்வரை விசிறி சுற்றியுள்ள சூடான காற்றைத்தான் முதலில் இழுக்கும்.

மின்சாரப் பகுதியில் அவசரம் கூடாது. இரண்டு விசிறிகளும் சேர்ந்து 8 ஆம்பியர் அளவில் எடுக்கின்றன. தொடங்கும் கணத்தில் அது இன்னும் கூடும். ஆகவே பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான ரிலே வழியாகவே இணைத்து, பேட்டரிக்கு மிக அருகில் 15 ஆம்பியர் ஃபியூஸும் வைத்தேன். 50 டிகிரியில் இயங்கும் வெப்பச் சுவிட்சோடு, எஞ்சினை அணைத்த பின்னும் மூன்று நிமிடம் ஓடவைக்கும் டைமரும் உண்டு. பெட்ரோல் நிரப்ப நிறுத்தும்போதுதான் இன்டர்கூலர் மிக வேகமாகச் சூடாகிறது என்பதை அளந்து பார்த்த பிறகே உணர்ந்தேன்.

இப்போது அதே நெரிசலுக்குப் பிறகு தெர்மோகப்பிள் 55 டிகிரிக்கு மேல் போவதில்லை. ஓடத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் 45க்கு வந்துவிடுகிறது. ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் விசிறி ஓடினாலும் நின்றாலும் எனக்கு ஒரே எண்தான் கிடைக்கிறது. அந்த வேகத்தில் காற்றுவாயே போதும். விசிறியின் உடலும் உறையும் காற்றுக்குக் குறுக்கே நிற்கும் பொருள்களே. பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குப் பெரிய இன்டர்கூலரோ, இன்டர்கூலர்மேல் தண்ணீர் தெளிக்கும் அமைப்போ பொருந்தும். சுபாருவே இந்தக் காரின் கூடுதல் வலுவுள்ள எஸ்டிஐ வகையில் டிக்கியில் தொட்டி வைத்து அத்தகைய தெளிப்பைக் கொடுத்திருக்கிறது. இன்டர்கூலர் முன் பம்பருக்குள் இருக்கும் வண்டிகளில், ரேடியேட்டரின் விசிறியே அதன் வழியாகவும் காற்றை இழுக்கிறது. அங்கே தனி விசிறி வாங்குமுன், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பக்கவாட்டில் காற்று கசியும் சந்துகளை நுரைப் பட்டையால் அடைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.