கொதோனி வீடு, எண் 133

9 நவம்பர்
இன்றுதான் உள்ளே போனேன். ஜப்பானின் வடக்குத் தீவு ஹொக்கைடோவில் இருக்கும் சப்போரோவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கொதோனி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மர வீட்டை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். 1875-இல் 198 குடும்பங்களை இங்கே குடியேற்றி, ஆளுக்கொரு வீடாக ஒரே மாதிரி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத் தலைவர்களுக்குத் தொண்டென்ஹே என்று பெயர். காட்டைத் திருத்தி உழவு செய்ய வேண்டும். வடக்கே ரஷ்யா, சண்டை வந்தால் துப்பாக்கியும் தூக்க வேண்டும்.

வீடு சுமார் 620 சதுர அடி. மனை இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூட. உள்ளே மச்சு கிடையாது. தரையில் ஒரு கணப்புக்குழி, அண்ணாந்து பார்த்தால் நேரே கூரை, புகை போக உச்சியில் ஒரு திறப்பு. புகையோடு சூடும் போய்விடும். சுவர்ப் பலகையில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. இது நவம்பர்தான். ஜனவரி ராத்திரியில் கைக்குழந்தையை இங்கே எங்கே படுக்க வைத்தார்கள்?

12 நவம்பர்
யார் வந்தார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். பலர் சாமுராய் குடும்பத்தினர், அதிலும் தோற்ற பக்கம். 1868 உள்நாட்டுப் போரில் தெற்கே இருந்த சத்சுமா முதலான சீமைகளின் படையிடம் ஐசு என்ற சீமை வீழ்ந்தது. பிழைத்தவர்களில் பலரை வடகோடியில் தொனாமி என்ற வறண்ட சீமைக்கு அனுப்பினார்கள். அங்கே பசி. அதற்கப்புறம்தான் ஹொக்கைடோ. மூன்று வருடத்துக்கு அரிசி தருகிறோம் என்றால் யார்தான் வர மாட்டார்கள்? குடியேற்றத்தை நடத்திய குரோதா கியோதகாவும் சத்சுமாக்காரர்தான்.

23 நவம்பர்
விடுமுறை. வெளியே நல்ல பனி, நாள் முழுக்கப் புத்தகம்தான்.

1877-இல் சத்சுமாக்காரர் சைகோ தகமோரி தெற்கே அரசாங்கத்துக்கு எதிராகக் கலகம் செய்தபோது கொதோனி ஆட்களையும் தெற்குத் தீவான கியூஷூவுக்குக் கப்பலேற்றினார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் தங்கள் ஊரை அழித்த சத்சுமாவோடு ஐசுக்காரர்கள் மறுபடி மோதினார்கள், இந்த முறை அரசாங்கத்தின் சீருடையில். ஏப்ரலில் போனார்கள். விதைப்புக் காலம் அது. வயலைப் பெண்கள்தான் பார்த்திருக்க வேண்டும். அவர்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பத்தி கூட இல்லை, எனக்கு ஆறவில்லை.

1 டிசம்பர்
மூன்று வாரமாக இந்தச் சிப்பாய்களுக்காகவே உருகிக்கொண்டிருந்தேன். கொதோனி என்பதே ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனுக்களின் மொழிச் சொல் என்று இன்றுதான் உறைத்தது. சப்போரோவும் அப்படித்தான். பெயர் வைத்தவர்கள் இருந்த மண்ணைத்தான் ஆளில்லாத நிலம் என்று அரசாங்கம் எழுதிக்கொண்டது. 1876-இல் பக்கத்தில் யமஹானாவில் இன்னும் 240 குடும்பங்களை இறக்கினார்கள். அதே வருடம் ஐனுக்கள் மான் வேட்டைக்கு வைத்திருந்த நச்சு அம்புக்குத் தடை போட்டார்கள்.

1890-இல் சிப்பாய்க் குடும்பத்துக்கு 15,000 சுபோ, அதாவது சுமார் 12 ஏக்கர் என்று விதி வந்தது. 1899-இல் ஐனுக்களுக்கென்று போட்ட சட்டத்திலும் அதே 15,000 சுபோதான், ஆனால் அதுதான் உச்சவரம்பு. பதினைந்து வருடத்துக்குள் உழாத நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். நல்ல மண் அதற்குள் வேறு கைக்குப் போயிருந்தது. அந்தச் சட்டம் 1997 வரை இருந்தது. நான் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்.

மறுபடி 133-க்குப் போகணும். கணப்புக்குழி பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கணும்.