காய்வதற்குள் ஓர் எழுத்து

ஏப்ரல் 16, 2025

நேற்றிலிருந்து தடைக்காலம். ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கக் காலம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. எங்கள் தொழிலுக்கு வேறு கணக்கு. படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, ஓட்டை உடைசலைச் சரிபார்த்து, புதுசாகப் பெயிண்ட் அடிப்பார்கள். பெயிண்ட் அடித்த படகுக்குப் பேர் எழுத ஆள் வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேலாகக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இந்த இரண்டு மாதமும் எனக்குக் கை ஓயாத வேலை. பிளெக்ஸ் வந்து கடை போர்டு, சுவர் விளம்பரம், கட்சித் தட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகும் படகு மட்டும் என்னிடம் இருந்தது. உப்புத் தண்ணீரில் பிளெக்ஸ் நிற்காது.

இந்த வருஷம் வலது கை மடியில் கிடக்கிறது. இதை இடது கைக் கட்டைவிரலால் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, குண்டு உப்பலவாடியில் எங்கள் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. நாற்பது வருஷமாக எழுத்து மாதிரி வரைந்து வைத்திருந்த நோட்டுகள் போயின. அவற்றோடு பிபி மாத்திரை டப்பாவும் போனது. நோட்டுக்காக ஒரு மாதம் அழுதேன். மாத்திரையை நினைக்கவே இல்லை. தலைவலி கிடையாது, மயக்கம் கிடையாது, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 11. காலையில் டீ குடிக்கும்போது வாயோரம் ஒழுகியது. வலது கால் செருப்பு நழுவி வாசலிலேயே கிடக்க, அது தெரியாமல் தெருமுனை வரை போயிருக்கிறேன். இரவு கைமேல் படுத்துவிட்டேன், மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்து வீட்டுக்கு வந்து மறுபடி படுத்தேன். வேலைக்குப் போயிருந்த வீட்டுக்காரி மத்தியானம் வந்து பார்த்து அலறித்தான் 108-க்குப் போன் போட்டார்கள். பிபி 186/110. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, பக்கவாதம். அடைப்பைக் கரைக்கிற ஊசி உண்டாம். ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நான் படுத்துக் கிடந்ததே அதைவிட அதிகம்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் படுக்காதீர்கள். அந்த நிமிஷமே கிளம்புங்கள்.

ஏப்ரல் 19

பிசியோதெரபி. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். விரலை மடக்கச் சொன்னாள், மடங்கியது. விரிக்கச் சொன்னாள். நடக்கவில்லை. மடக்குவது சீக்கிரம் வந்துவிடும், விரிப்பதற்குத்தான் நாள் பிடிக்கும் என்றாள். தோளும் முழங்கையும் முன்னால் தேறும், விரல்கள் கடைசியில்தான் வருமாம். மூளையில் கெட்ட இடம் கெட்டதுதான், பக்கத்தில் இருக்கிற இடங்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குச் செய்ததையே நூறு தடவை செய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள்.

நூறு தடவை என்றதும் எனக்கு எங்கள் வாத்தியார் ஞாபகம் வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் அவர் கடையில் பதின்மூன்று வயசில் சேர்ந்தேன். ஆறு மாதம் பெயிண்டைத் தொட விடவில்லை. சிலேட்டில் வெறும் நேர்கோடு. அழித்து அழித்து நேர்கோடு. அப்புறம்தான் எழுத்து.

ஏப்ரல் 22

பேங்கில் கையெழுத்துப் போடவேண்டி வந்தது. வரவில்லை. கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். ஊரில் பாதிக் கடைக்குப் பேர் எழுதிய கை அது. இன்றைக்கு இதற்கு மேல் எழுத மனசில்லை.

ஏப்ரல் 27

கருவாடு நின்றுபோய் இரண்டரை மாதம். முதுநகரில் கருவாடு காயும் வாசனைக்குள் வளர்ந்தவனுக்கு இது லேசான காரியம் இல்லை. ஒரு நாளைக்கு உப்பு எல்லாம் சேர்ந்து 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். ஒரு பிடி நெத்திலிக் கருவாடும் ஒரு கரண்டி ஊறுகாயும் இருந்தால் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டில் இப்போது குழம்பில் புளியும் மிளகும் தூக்கல், உப்பு குறைச்சல். அவளும் அதையேதான் சாப்பிடுகிறாள். தனக்கென்று தனியாக உப்புப் போட்டுக்கொள்வதில்லை.

பிபி இன்று 132/84. மாத்திரை டப்பாவை இப்போது பரண்மேல் வைத்திருக்கிறோம், வெள்ளம் ஏறாத உயரத்தில்.

மே 5

நேற்று கத்திரி பிறந்தது. இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். சிமெண்ட் மட்டும் பூசிய, வெள்ளை அடிக்காத சுவர். டிசம்பர் வெள்ளம் நின்ற கோடு அதில் இன்னும் பழுப்பாக இருக்கிறது. பழைய இரண்டு அங்குல பிரஷ் ஒன்று, காம்பு தடியாக இருந்தால் பிடிப்பது சுலபம் என்று பிசியோ பெண் சொன்னதால் துணி சுற்றி வைத்திருந்தது, பக்கெட் ஓரம் கிடந்தது. என்ன தோன்றியதோ, இடது கையால் எடுத்து வலது கையில் திணித்துத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் ஒரு கோடு இழுத்தேன்.

நேராக வந்தது.

விரல் எதுவும் செய்யவில்லை. விரல் பிரஷ்ஷைச் சும்மா கவ்விக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கோட்டை இழுத்தது தோள். அப்போதுதான் உறைத்தது. போர்டு எழுதுகிறவன் பெரிய எழுத்தை விரலால் எழுதவே மாட்டான். இரண்டடி உயர எழுத்தில் விரலை அசைத்தால் கோடு நடுங்கும். மணிக்கட்டைக் கட்டிப்போட்ட மாதிரி வைத்துக்கொண்டு முழங்கையையும் தோளையும்தான் ஓட்ட வேண்டும். வாத்தியார் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான். பேங்க் படிவத்தில் அரை அங்குலத்தில் என் பேர் வராது. ஆனால் இரண்டடியில் வரலாம். இரண்டரை மாதமாக என்னால் முடியாத சின்ன எழுத்தையே முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

'ட' எழுதினேன். மேலிருந்து ஒரு கோடு, கீழே ஒரு கோடு. தமிழில் இதைவிடச் சுலபமான எழுத்து கிடையாது. அப்புறம் 'ப'. அப்புறம் துணிந்து 'அ'. தலைச்சுழியில் தொடங்கி வயிற்றை வளைத்து, குறுக்கே போய், கடைசி நேர்கோட்டை இறக்குவதற்குள் தலைச்சுழி காய்ந்து மறைந்துவிட்டது. கத்திரி வெயிலில் சுவர் அவ்வளவு சூடு. நான் அவ்வளவு மெதுவு. முழு 'அ'-வை ஒரே நேரத்தில் என் கண்ணால் பார்க்க முடியவில்லை. வால் வரும்போது தலை இல்லை.

ஆனாலும் நாற்பது தடவை எழுதினேன். கோணல் எழுத்து ஒன்றும் மிஞ்சுவதில்லை, சுவரே அழித்துக் கொடுத்துவிடுகிறது. பெயிண்ட் செலவு இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

மே 8

பிசியோ பெண்ணிடம் சொன்னேன். போனில் வீடியோ எடுத்து வரச் சொன்னாள். பார்த்துவிட்டு, "காது வரைக்கும் தோளத் தூக்காதீங்க அய்யா. உடம்பையும் சேத்துச் சாய்க்கிறீங்க. நாற்காலியில முதுக ஒட்டி உக்காந்து எழுதுங்க" என்றாள். அப்புறம், "நான் குடுத்த பந்தையும் குச்சியையும் பத்து தடவைகூட ஒழுங்கா எடுக்க மாட்டீங்க, இத நாற்பது தடவை செஞ்சிருக்கீங்களே" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பந்து எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. எழுத்து சொல்கிறது. எங்கே தப்பு, எவ்வளவு தப்பு என்று எனக்குத் தெரிகிறது, அதனால் அடுத்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மே 11

மோசமான நாள். காலையிலிருந்து காரணமில்லாமல் அழுகை. பக்கவாதம் வந்த பலருக்கும் இது வரும், இதுவும் நோயின் ஒரு பகுதிதான், மறைக்காமல் சொல்லுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த முறை சொல்வேன். பிரஷ்ஷைத் தொடவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரி கையைப் பிடித்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். மணலில் கால் இழுத்தது. சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பட்டம், சுண்டல், குதிக்கிற பிள்ளைகள். 2004 டிசம்பர் 26 காலையில் இதே குப்பம் கிடந்த கிடப்பை நான் பார்த்தேன். பேர் எழுதிக்கொடுத்த படகுகள் வீட்டுக்கூரைமேல் கிடந்தன. அடுத்த வருஷமே புதுப்படகுக்குப் பேர் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். செத்துப்போன மகளின் பேரை எழுதச் சொன்னவர்கள் உண்டு. பக்கத்திலேயே நின்று எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது எனக்கு அது கூலி வேலை. அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இன்று அதே மணலில் காலை இழுத்துக்கொண்டு நடக்கும்போது யோசித்தேன்.

மே 18

பண்ருட்டி பக்கம் ஒரு காதுகுத்து. வரும் வழியில் திருவதிகை கோயில். சூலை நோயில் துடித்த நாவுக்கரசர் அக்கா திலகவதியாரைத் தேடி வந்து, இந்தச் சன்னதியில் நின்று பாடி நோய் தீர்ந்தார் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. எனக்கு இன்று அதில் வேறொன்று பட்டது. நோய் தீர்ந்ததும் அவர் வீட்டில் உட்காரவில்லை. பாட்டும் நிற்கவில்லை, கையில் உழவாரப்படையும் எடுத்துக்கொண்டார். ஊர் ஊராகக் கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டே நடந்திருக்கிறார். சிலையில் பார்த்தீர்களானால் உழவாரம் தோளில்தான் சாய்ந்திருக்கும்.

வெகுநேரம் அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரி சாமியைப் பாருங்கள் என்றாள்.

மே 29

கத்திரி நேற்றோடு முடிந்தது, வெயில் முடியவில்லை. 'அ' இப்போது காய்வதற்குள் முடிகிறது. 'ம' முடிகிறது. 'க' பாதி நாள் முடிகிறது.

சிங்காரத்தோப்பிலிருந்து பழைய படகுக்காரர் ஒருவர் வந்தார். "இன்னா ஆர்ட்டிஸ்ட், சுவத்துல தண்ணியால எழுதறியாமே?" என்று கேட்டுவிட்டுத் தானே பின்பக்கம் போய்ப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "என் படகுக்கு நீதான் எழுதணும். அலைமகள். எங்கப்பா காலத்து லை போடணும்" என்றார்.

இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. 1978-க்கு முன்னால் ணை, னை, லை, ளை நாலுக்கும் இப்போதுள்ள மாதிரி முன்னால் கொம்பு கிடையாது. எழுத்தோடு ஒட்டி முன்பக்கம் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வரும். அரசாணை வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூடத்தில் பழசைப் படித்து, பரீட்சைக்குப் புதுசை எழுதியவன் நான். வாத்தியார் மட்டும் சாகிற வரைக்கும் தும்பிக்கை லைதான் எழுதினார். அச்சுக்கு எது சுலபமோ எனக்குத் தெரியாது, கைக்கு இதுதான் சுலபம் என்பார். அவர் சொன்னது சரி. பிரஷ்ஷைத் தூக்காமல் ஒரே இழுப்பில் முடிகிற எழுத்து அது. தூக்கி வைப்பதுதான் இப்போது எனக்கு ஆகாதது.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். எப்போது என்று கேட்டுவிட்டேன்.

ஜூன் 8

உப்பனாற்றங்கரை. காலை ஆறு மணி, வெயிலுக்கு முன்னால். என்னிடம் தொழில் கற்று இப்போது பிளெக்ஸ் கடை வைத்திருக்கிற தம்பி பைக்கில் அழைத்துப் போனான். படகின் முகப்பில் நீலம் அடித்துக் காயவிட்டிருந்தார்கள். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துத் தட்டினோம், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஒன்றரை அடி உயரம். வெள்ளை எனாமலில் டர்பன்டைன் கொஞ்சம் தூக்கலாக விட்டுக் கலக்கினான், என் கைக்குப் பெயிண்ட் இழுபடக் கூடாது என்று. நான் சொல்லவே இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக்கொண்டேன். டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாக எழுந்தது.

'அ' வந்தது. வயிற்றில் கொஞ்சம் மேடு. 'லை'க்கு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தும்பிக்கை ஏறி, வளைந்து, 'ல'-வின் சுழியில் இறங்கி, கடைசிக் கோடு மேலே போய் நிற்கும் வரை பிரஷ்ஷை எடுக்கவில்லை. வளைவின் உச்சியில் ஒரு இடத்தில் கை உதறியது, அரிசி அளவுக்கு ஒரு பிசிறு. தம்பி துணியை எடுத்தான். படகுக்காரர், "இருக்கட்டும்பா" என்றார்.

அதோடு தோள் ஓய்ந்துவிட்டது. பிசியோ பெண் சொன்ன விதி, வலிக்கும் முன்னால் நிறுத்து என்பது. பிரஷ்ஷைத் தம்பியிடம் கொடுத்தேன். 'மகள்' அவன் எழுதினான். பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் மட்டும் எழுத்தைப் பார்த்த பையன். முதல் கோட்டுக்கு முன்னால் என் இரண்டு எழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தான். என்னுடையது வலது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. தன்னுடையதையும் அதே அளவுக்குச் சாய்த்து எழுதினான்.

வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டு, மோர்க் கஞ்சி குடித்துவிட்டு நாலு மணி வரை தூங்கினேன்.

ஜூன் 15

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. பின்னிரவில் துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீசல் புகை. ஒவ்வொரு படகாக முகத்துவாரம் நோக்கிப் போனது. அலைமகள் ஏழாவதோ எட்டாவதோ. இருட்டில் பேர் தெரியவில்லை, முகப்பில் வெள்ளையாக ஏதோ அசைந்தது மட்டும் தெரிந்தது.

படகுக்காரரின் தம்பிக்கும் ஒரு படகு இருக்கிறதாம். பொங்கலுக்கு முன்னால் பேர் மாற்ற வேண்டுமாம். ஞானசௌந்தரி.

'ஞ' இன்னும் நான் தொடவே இல்லை. சாயங்காலம் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துப் பின்பக்கம் போனேன். வெள்ளக் கோட்டுக்கு மேலே, நல்ல பெரிசாக ஆரம்பித்தேன். உள்சுழி, மேல்வளைவு, அங்கிருந்து கீழே ஒரு இறக்கம். கால் பகுதிக்கு வருவதற்குள் உள்சுழி காய்ந்துவிட்டது. பிரஷ்ஷை மறுபடி நனைத்தேன்.