150 ரூபாய் கண்ணாடி

2 ஜூன் 2025, திங்கள்

கண்ணாடி போயிற்று. மிளகாய் மூட்டைக்கும் கல்லாவுக்கும் நடுவில் விழுந்ததை நானே மிதித்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் டவுன்ஹால் ரோட்டுப் பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கியது. 43 வயதில் வெள்ளெழுத்து வந்து, பில் புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்து, கை நீளம் போதாமல் போன பிறகு வாங்கினேன். போட்டதும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது, சரி, கண் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். இன்று மறுபடி அதே ஆளிடம் கிளம்பினால் வீட்டில் ஒரே சத்தம். "அத்தைக்கு ஆனது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அம்மாவுக்கு இடது கண் மங்கியபோது புரை என்றே நினைத்தோம். முற்றட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று அம்மாவே தள்ளிப்போட்டார். ஒருவழியாகக் கூட்டிப்போனால், இது புரை இல்லை, கண் நீர் அழுத்தம், உள்ளே நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள். புரை என்றால் லென்ஸ் வைத்துப் பார்வையை மீட்கலாம். இதில் போனது போனதுதான்.

7 ஜூன், சனி

கண் ஆஸ்பத்திரிக்குக் காலை எட்டரைக்குப் போய் மதியம் இரண்டரைக்கு வந்தேன், கடைக்கு லீவு. முதலில் எழுத்துப் பலகை. அதில் எனக்குக் கடைசி வரி வரை தெரிந்தது, கொஞ்சம் பெருமைகூட. பிறகு மஞ்சள் சொட்டு விட்டு, நீல வெளிச்சம் வரும் ஒரு கருவியைக் கருவிழியில் மெல்லத் தொட்டு அழுத்தம் பார்த்தார்கள். மரத்துப்போக மருந்து விட்டிருந்ததால் வலி இல்லை. 10இலிருந்து 21 வரை சாதாரணமாம். எனக்கு வலது 26, இடது 28. சிஸ்டர் எழுதிவிட்டு, "வீட்டில் யாருக்காவது இருக்கிறதா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே வயிறு கலங்கியது.

அப்புறம் கண் பாப்பா விரிய மருந்து. நல்ல எரிச்சல். கண்ணை மூடி உட்கார வைத்துவிட்டார்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் உசிலம்பட்டிப் பக்கம் மழை பெய்த கதையை முழுதும் சொல்லிமுடித்தார். டாக்டர் விளக்குப் போட்டு உள்ளே நரம்பைப் பார்த்தார். கண் நரம்பின் நடுவில் எல்லோருக்கும் ஒரு சின்னக் குழி உண்டாம், எனக்கு அது இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருக்கிறது. அழுத்தம் மட்டும் வைத்து முடிவு சொல்லமாட்டாராம், அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டாம். பார்வைப் பரப்பு சோதனைக்கு வியாழன் வரச் சொன்னார்.

வெளியே வந்தால் வெயில் ஊசியாகக் குத்துகிறது. பைக்கில் போகவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தும் எடுத்துப்போன புத்திசாலி நான், வண்டியை அங்கேயே விட்டு ஆட்டோவில் வந்தேன். சாயங்காலம் வரை செல்போனில் ஒரு எழுத்து தெரியவில்லை.

12 ஜூன், வியாழன்

ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் எங்காவது வெளிச்சப் பொட்டு மின்னும், தெரிந்தால் பட்டனை அமுக்கணும். சுலபம் என்று நினைத்தேன். பாதி நேரம் எதுவுமே தெரியவில்லை, பதற்றத்தில் சும்மாவும் அமுக்கினேன். வேண்டுமென்றேதான் பொட்டு மங்கலாகிக்கொண்டே போகுமாம், எதுவரை தெரிகிறது என்று பிடிக்க. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அச்சடித்த தாளில் இடது கண்ணுக்கு மேல்பக்கம், மூக்கை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அந்த இடத்தில் எனக்குப் பார்வை குறைந்திருக்கிறது. மூன்று வருடமாகவோ அதற்கு முன்னாலிருந்தோ இருக்கலாம், எனக்குத் தெரியவே தெரியாது. கறுப்பாக ஒன்றும் மறைக்காது, ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பார்த்துவிடும், மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிவிடும் என்றார் டாக்டர். நான் கணக்குப் பார்ப்பதோ நடுப்பார்வையில், அது கடைசியில்தான் போகும். பிளாட்பாரக் கண்ணாடி எழுத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது, நானும் கண் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்றும் கேட்டார். கண் சிவந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வீர்களா? ஆமாம், வற்றல் தூசிக்கு அடிக்கடி. அதில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவே அழுத்தத்தை ஏற்றும் என்றார். வீட்டு டப்பாவில் பார்த்தேன், பாதி பாட்டில் கிடக்கிறது. எறிந்தாயிற்று.

13 ஜூன், வெள்ளி

எனக்கும் அம்மாவுக்கு வந்த அதே கண் நீர் அழுத்தம்தான். அழுத்தத்தைக் குறைக்க ராத்திரி ஒன்பது மணிக்குக் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து, வாழ்நாள் முழுக்க. கீழிமையை இழுத்து, விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போய்விடும். முதல் சொட்டு கன்னத்தில், இரண்டாவது மீசையில். மூன்றாவதை மகள் விட்டாள். இமைமுடி நீளமாக வளரலாம் என்று மருந்துத் தாளில் படித்துவிட்டு, "எனக்கும் ஒரு சொட்டு குடுப்பா" என்கிறாள்.

22 ஜூன், ஞாயிறு

கூடப்பிறந்தவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும், இது குடும்பத்தில் வருவது என்று டாக்டர் சொன்னதை அக்காவுக்குப் போனில் சொன்னேன். அக்காவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, விழித்திரையை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும், ஆறு வருடமாகப் பார்த்ததே இல்லை. 1976இல் இதே மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார், அப்புறம் ஊர் ஊராகக் கேம்ப் போட்டு, வேண்டியவர்களைக் கூட்டிவந்து ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களாக இருந்தும் நாங்கள் மூன்று பேரும் கண்ணைக் காட்டியதில்லை என்றால் என்ன சொல்ல. அக்கா ஒத்துக்கொண்டது. திருப்பூரில் இருக்கும் தம்பிதான், "எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதுண்ணே" என்கிறான்.

6 ஜூலை, ஞாயிறு

நேற்று மறு பரிசோதனை. வலது 17, இடது 18. மருந்து பிடிக்கிறது, போன இடம் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். நான்கு மாதம் கழித்து வரவேண்டும். படிக்கும் கண்ணாடியும் இப்போதுதான் வாங்கினேன், இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறாம், பிளாட்பாரத்தில் வாங்கியதில் இரண்டும் ஒன்று.

அக்காவுக்கு அழுத்தம் சரியாக இருக்கிறது. விழித்திரையில் லேசாக ரத்தக் கசிவு ஆரம்பித்திருக்கிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி ஆவணியில் பார்க்கலாம் என்கிறான். அடுத்த ஞாயிறு திருப்பூருக்கு நானே போகிறேன், அந்தச் சாம்பல் திட்டுத் தாளைப் பையில் எடுத்து வைத்தாயிற்று.