டிரெய்லர் சுவருக்குள் எதை வைப்பது?

மிச்சிகனில் வாங்கிய பழைய டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சிறு வீடு) எங்களுடையது. படுக்கையோர ஜன்னலுக்குக் கீழே உள்சுவர் ப்ளைவுட் லேசாக உப்பியிருந்ததால் பிரித்துப் பார்த்தேன். ரோஸ் கலர் ஃபைபர்கிளாஸ் பஞ்சு நனைந்து, கனத்து, அடியில் சரிந்து கிடந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. மரச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்ததும், டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போய்விட்டது.

சட்டத்தை மாற்றுவது பெரிய விஷயமாக இல்லை. குளிரும் வெயிலும் உள்ளே வராமல் தடுக்க எந்த இன்சுலேஷன் என்பதில்தான் இரண்டு வாரம் போனது. சுவரின் ஆழமே ஒன்றரை அங்குலம். வீட்டுக்கு வாங்கும் மூன்றரை அங்குலப் பஞ்சை அதில் திணித்தால் நசுங்கிவிடும். உறையில் போட்டிருக்கும் ஆர்-வேல்யூவில், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவில், பாதிதான் தேறும். அங்குலத்துக்கு அந்த அளவு ஃபைபர்கிளாஸுக்கு 3 சொச்சம், எக்ஸ்பிஎஸ் என்ற பாலிஸ்டைரீன் ஃபோம் போர்டுக்கு 5, பாலிஐசோ என்ற இன்னொரு ஃபோம் போர்டுக்குக் கிட்டத்தட்ட 6. கணக்குப்படி பாலிஐசோதான் ஜெயிக்கிறது. ஆனால் கடுங்குளிரில் அதன் திறன் இறங்கும், வெட்டிய ஓரங்கள் ஈரத்தையும் இழுக்கும்.

பீய்ச்சினால் உப்பி இறுகும் ஸ்ப்ரே ஃபோம் அடித்துவிடு என்றார் நண்பர் ஒருவர். அது தகரத்தையும் மரத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். டிரெய்லர் ரோட்டில் குலுங்குகிற வண்டி, என்றாவது ஒருநாள் சீல் விடத்தான் செய்யும். அன்றைக்கு அதை எப்படிப் பிரிப்பது? நனைந்தாலும் தண்ணீர் குடிக்காத, கழற்றி மாட்டக்கூடிய பொருள்தான் எனக்கு வேண்டும் என்று அப்போது தெளிவானது.

சரி, எக்ஸ்பிஎஸ் என்று முடிவு செய்தேன். கத்தியால் ஆழமாகக் கீறி மடக்கினால் நேராக உடைகிறது. துண்டுகளைச் சட்டத்தைவிட ஒரு நூல் குறைத்தே வெட்டினேன். இறுக்கமாக இருந்தால் ஓட்டத்தில் மரத்தோடு உரசிக் கிறீச்சிடும். இடுக்குகளுக்கு, அதிகம் உப்பாத கேன் ஃபோம். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்: கரைப்பான் கலந்த பசை இந்த போர்டைத் தின்றுவிடும். பிவிசி ஒயர் இதை ஒட்டியே கிடந்தால் நாளடைவில் ஒயரின் உறை விறைத்துப்போகும். அதனால் ஒயர்களைக் குழாய்க்குள் விட்டேன்.

இதற்கெல்லாம் முன்பே ஜன்னலைக் கழற்றி, காய்ந்துபோன புட்டியைச் சுரண்டிவிட்டு தண்ணீர் புகாமல் தடுக்கும் பியூட்டைல் ரப்பர் டேப் ஒட்டியிருந்தேன். உள்சுவரை மூடும் முன் ஜன்னலின் கீழ்மூலைகளில் டிஷ்யூ பேப்பர் வைத்து, வெளியே அரைமணி நேரம் ஹோஸால் தண்ணீர் அடித்தோம். பேப்பர் காய்ந்தே இருந்தது. அப்புறம்தான் ப்ளைவுட்டை மாட்டினேன், பழையபடி ஸ்டேபிள் அடிக்காமல், ஸ்க்ரூ போட்டு.