கார்த்திகையில் பிசைந்து மார்கழியில் பரிமாறும் பிஸ்கட்டுகள்

தெற்கு ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட் நகரைச் சுற்றியுள்ள ஸ்வேபிய ஊர்களில், கிறிஸ்துமஸுக்கான பிஸ்கட் வேலை நவம்பர் நடுவிலேயே, அதாவது நம் கார்த்திகை பிறக்கும் நேரத்திலேயே, வீடுகளில் தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் அட்வென்ட் ஞாயிறுகளாகக் கொண்டாடுகிறார்கள். அவற்றில் முதலாவது எப்போதும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்று மாலை பசுந்தழை வளையத்தில் முதல் மெழுகுவத்தியை ஏற்றும்போது, மேசையில் ஒரு தட்டு பிஸ்கட்டாவது இருக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத விதி. இந்த ஊரில் குடியேறிய பிறகு நானும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதை விடாமல் செய்து வருகிறேன். செய்முறைகள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் எதை முதலில் சுடுவது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது என்ற வரிசையை யாரும் தெளிவாக எழுதி வைப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் பக்குவப்பட அதற்கே உரிய காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தை அறிந்து வரிசைப்படுத்தினால்தான் பண்டிகை நாளில் எல்லாமே ஒருசேர நல்ல பதத்தில் இருக்கும் என்பதால், இந்தப் பதிவை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் தொடங்க வேண்டியது லேப்கூக்கன் என்னும் தேன் பிஸ்கட். இதற்குப் பேர்போன ஊர் நூரென்பெர்க்; அங்கே லேப்கூக்கன் சுடுபவர் ஒருவரைப் பற்றிய குறிப்பு 1395-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இருக்கிறது. நகரைச் சுற்றியிருந்த பெருங்காட்டில் தேன் எடுப்போர் இருந்தார்கள். பெரும் வணிகப் பாதைகள் அவ்வழியே சென்றதால் ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய், பட்டை ஆகியவையும் வந்து சேர்ந்தன. தேனும் மசாலாவும் ஒரே ஊரில் சந்தித்ததன் விளைவுதான் இந்தப் பண்டம். வீட்டில் செய்ய, 250 கிராம் தேனையும் 100 கிராம் சர்க்கரையையும் சர்க்கரை கரையும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, ஆறவிட்டு, ஏறத்தாழ 400 கிராம் மாவும் மசாலாத் தூளும் சேர்த்துப் பிசைந்து, மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். முட்டையை அப்போது சேர்க்கக் கூடாது. தேனில் சர்க்கரைச் செறிவு மிகுதியாகவும் ஈரம் குறைவாகவும் இருப்பதால் மாவு எளிதில் கெடாது. வாரக்கணக்கில் ஓய்வெடுக்கும்போது அதில் சிறிதளவு அமிலம் உருவாகிறது. சுடும் நாளில் ஒரு தேக்கரண்டி பொட்டாசியம் கார்பனேட்டைச் சிறிது நீரில் கரைத்து, முட்டையோடு சேர்த்துப் பிசைந்தால், அந்த அமிலம் இந்த உப்போடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட, கனமான மாவும் உப்பி எழுகிறது. ஓய்வே கொடுக்காத மாவில் அமிலம் போதாமல் உப்பும் சரிவர வேலை செய்யாது. காத்திருத்தல் இங்கே செய்முறையின் ஓர் அங்கமாகவே இருக்கிறது.

ஓவனிலிருந்து எடுத்ததும் இவை மெதுவாக இருக்கும், ஆறியதும் கடினமாகிவிடும். அதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. தேனுக்குக் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்பு உண்டு. தகரப் பெட்டியில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால் மறுபடியும் மெதுவாகிவிடும். பெட்டிக்குள் ஒரு துண்டு ஆப்பிளை வைத்தால் இது விரைவாக நடக்கும். ஆனால் அந்தத் துண்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். கடையில் வாங்கும்போது எலிசன் லேப்கூக்கன் என்ற பெயரைக் காண்பீர்கள். அந்தப் பெயரை இட வேண்டுமானால் பாதாம், ஹேசல்நட், வால்நட் ஆகியவை குறைந்தது 25 விழுக்காடு இருக்க வேண்டும், மாவு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அது தேன் மாவை ஓய்வில் வைத்துச் செய்யும் வகையிலிருந்து வேறானது. நூரென்பெர்க் அடுமனைக்காரர்களின் கைவேலையை வீட்டில் எட்டுவது கடினம் என்பதால், அதை மட்டும் நான் வாங்கிவிடுகிறேன்.

நவம்பர் கடைசி வாரத்தில் ஷ்ப்ரிங்கர்லே. இதுதான் ஸ்வேபியர்களின் பெருமை, எனக்கும் மிகப் பிடித்தது. வெண்ணெய் ஒரு துளிகூட இல்லை. நான்கு முட்டை, அரை கிலோ பொடித்த சர்க்கரை, அரை கிலோ மாவு, மாவை உப்பவைக்கும் பேக்கரி அம்மோனியா என்னும் உப்பு கத்தி முனையளவு, அவ்வளவுதான். முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைத்து வரும்வரை நெடுநேரம் அடிக்க வேண்டும். மின்கருவி வருவதற்கு முன் வீட்டில் இருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி அடித்திருக்கிறார்கள். மாவை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, உருவங்கள் குடையப்பட்ட மர அச்சை அழுத்தி எடுத்தால், பூவும் பறவையும் குதிரை வீரனும் தேவதூதரும் மாவில் புடைத்து எழுகின்றன. நான் பயன்படுத்தும் அச்சு பக்கத்து வீட்டு மூதாட்டியுடையது. பேரி மரத்தில் குடைந்தது. அவர் தாயாருக்கு அவர் பாட்டியிடமிருந்து வந்தது. இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் நாங்கள் ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையிலேயே அழைத்துக்கொள்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு நவம்பரிலும் நான் கேட்பதற்கு முன்பே அந்த அச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்துவிடுவார்.

அச்சிட்டு வெட்டிய துண்டுகளை அனிஸ் விதை தூவிய தட்டில் அடுக்கி, ஒரு நாள் முழுதும் திறந்தே வைத்து உலர்த்த வேண்டும். அனிஸ் மணத்தில் சோம்பை ஒத்தது, ஆனால் வேறு செடியின் விதை. கிடைக்காவிட்டால் சோம்பையே தூவலாம், குறை ஒன்றும் இல்லை. இந்த உலர்த்தலில்தான் ஷ்ப்ரிங்கர்லேயின் முழுத் தொழில்நுட்பமும் அடங்கியிருக்கிறது. மேற்புறம் காய்ந்து தோல்போல இறுகிவிடுகிறது. அடிப்புறம் ஈரமாகவே இருக்கிறது. 150 டிகிரி சூட்டில் வைத்ததும் உள்ளே உண்டாகும் ஆவியும் வாயுவும் இறுகிய மேற்பரப்பைக் கிழிக்க முடியாமல், முழுத் துண்டையும் அப்படியே மேலே தூக்குகின்றன. சித்திரம் சிதையாமல் வெள்ளை வெளேரென்று நிற்க, அதன் அடியில் குட்டையான ஒரு பீடம் உருவாகிறது. அதைப் பாதம் என்கிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் பாதம் வைத்த ஷ்ப்ரிங்கர்லேயைப் பார்த்தால் சுட்டவரின் கைத்திறனை இங்கே மனதாரப் பாராட்டுவார்கள். அம்மோனியாவின் நெடி, சுடும்போது அடுப்படியெங்கும் பரவும். துண்டு மெல்லியதாகவும் உலர்ந்ததாகவும் இருந்தால் அது முழுதும் வெளியேறிவிடும் என்பதாலேயே இந்த உப்பைக் கனமான கேக்குகளில் சேர்ப்பதில்லை. சுட்டபின் இவையும் பல்லுக்குச் சவாலாக இருக்கும். குளிர்ந்த நிலவறையில் மூன்று வாரம் இருந்தால் டிசம்பர் 24 மாலைக்குச் சரியாக இருக்கும்.

டிசம்பர் முதல் வாரம் இலவங்கப்பட்டை நட்சத்திரங்களுக்கு உரியது. மூன்று முட்டையின் வெள்ளைக்கருவை 250 கிராம் பொடித்த சர்க்கரையோடு கெட்டியாக அடித்து, மேற்பூச்சுக்கு ஒரு சிறு கிண்ணம் எடுத்துவைத்துவிட்டு, மீதியில் 400 கிராம் அளவு அரைத்த பாதாமும் இரண்டு தேக்கரண்டி பட்டைத் தூளும் சேர்த்துப் பிசைவது. மைதாவே கிடையாது. ஒட்டாமல் இருக்க அச்சை ஒவ்வொரு முறையும் நீரில் நனைத்து நட்சத்திரங்களாக வெட்டி, வெள்ளைப் பூச்சைத் தடவி, ஓர் இரவு உலரவிட்டு, 130 அல்லது 140 டிகிரியில் சிறிது நேரம் வைத்தால் போதும். பூச்சு பழுப்பேறினால் சூடு அதிகம் என்று பொருள். வெண்மை மாறாமல் எடுப்பதே பக்குவம்.

எந்தப் பட்டை என்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தூளில் பெரும்பகுதி காசியா என்னும் தடித்த பட்டை. அதில் கூமரின் என்னும் இயற்கைப் பொருள் கணிசமாக இருக்கிறது. அளவு மிஞ்சினால், எளிதில் பாதிக்கப்படும் உடலமைப்பு உடையவர்களுக்குக் கல்லீரலைத் தாக்கக்கூடியது. 2006-இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டுக் கூட்டாட்சி நிறுவனம் இதைப் பற்றி எச்சரித்தபோது, பிள்ளைகள் பண்டிகைக் காலத்தில் உண்ணும் நட்சத்திர பிஸ்கட்டுகளே பேச்சின் மையமாயின. பட்டையைப் பெயரில் குறிப்பிடும் பாரம்பரிய, பருவகால அடுமனைப் பண்டங்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கூமரின்வரை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அனுமதிக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பது பாதுகாப்பான அளவாகக் கருதப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை, உச்ச வரம்பில் கூமரின் உள்ள நட்சத்திரங்களை 30 கிராம் தின்றாலே, அதாவது கையளவு தின்றாலே, அந்த நாளுக்குரிய அளவை எட்டிவிடுகிறது. ஒருநாள் கூடுதலாகத் தின்பதால் கேடு வந்துவிடாது என்றாலும், வீட்டில் சுடும் நமக்கு இந்தக் கவலையே வேண்டியதில்லை, ஏனெனில் இலங்கைக் கறுவாவில் கூமரின் மிக மிகச் சொற்பம். 2022-இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டையும் வேறுபடுத்துவது எளிது: காசியா ஒற்றைப் பட்டையாகத் தடித்துச் சுருண்டிருக்கும், இலங்கைக் கறுவாவோ மெல்லிய பல அடுக்குகளாக ஒன்றுக்குள் ஒன்று சுருட்டப்பட்டு, விரலால் நொறுக்கினாலே உதிரும். தூளாக்கிவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதால், எங்கள் நகரத்தில் உள்ள ஈழத்தமிழர் கடையில் சுருளாக வாங்கி வீட்டிலேயே பொடிக்கிறேன். அதன் மணம் மென்மையானது, சிறிது இனிப்பானது. பாதாமை அது அமுக்குவதில்லை. உடல்நலக் காரணம் இல்லாவிட்டாலும் இந்தச் சுவைக்காகவே நான் இதைத்தான் வாங்குவேன்.

வனிலா பிறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை ஆஸ்திரியாவுக்கும் தெற்கு ஜெர்மனிக்கும் பொதுவானவை. மைதா, உப்பில்லாத வெண்ணெய், அரைத்த பாதாம், சிறிது சர்க்கரை சேர்ந்தவை. வெண்ணெய் மிகுதி என்பதால் புதிதாக இருக்கும்போதே சுவை. ஆகவே டிசம்பர் நடுவுக்கு முன் நான் தொடுவதில்லை. மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, சிறு சிறு பகுதியாக வெளியே எடுத்து, கைச்சூடு படாமல் விரைவாகப் பிறை வடிவில் உருட்ட வேண்டும். வனிலா சர்க்கரையைத் தூவும் தருணம் ஒன்றில்தான் கவனம் தேவை: சுடச்சுடத் தொட்டால் பிறைகள் உடையும், ஆறவிட்டால் சர்க்கரை ஒட்டாது, வெதுவெதுப்பாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களை விட்டுவிடக் கூடாது.

சுட்டதைக் காப்பதும் சுடுவதற்கு நிகரான வேலை. மெதுவான லேப்கூக்கனையும் கரகரப்பான வெண்ணெய் பிஸ்கட்டையும் ஒரே பெட்டியில் போட்டால், ஒன்றின் ஈரம் மற்றதற்கு மாறி இரண்டுமே பதம் இழந்துவிடும். பட்டையின் மணமும் அனிஸின் மணமும் வனிலாவை விழுங்கிவிடும். எனவே வகைக்கு ஒரு தகரப் பெட்டி, அடுக்குகளுக்கு இடையே பட்டர் பேப்பர். மூன்றாம் அட்வென்ட் ஞாயிற்றுக்குப் பிறகு தட்டுகள் வீடு விட்டு வீடு போகத் தொடங்கும். தீபாவளிப் பலகாரம் கொடுத்தனுப்பிய தட்டு வெறுமையாகத் திரும்பாதது போலவே இங்கும் நடக்கிறது. மூதாட்டி வீட்டு ஷ்ப்ரிங்கர்லேயும் என் வீட்டு ஷ்ப்ரிங்கர்லேயும் ஒரே அச்சிலிருந்து வந்தவையாயினும், சுவையில் ஒன்றுபோல் இருந்ததில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவற்றில் இரண்டு வகை உலர்த்தலை நம்பியவை. வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் சென்னை வீடுகளில் மேற்பரப்பு இறுகாது. ஏசி அறையில் ஈரம் உறிஞ்சும் அமைப்பில் ஓர் இரவு வைத்தால் பாதாம் நட்சத்திரங்கள் நன்றாகவே உலரும்; அவற்றிலிருந்தே தொடங்குங்கள், வெண்ணெய் உருகும் தொல்லையும் அவற்றில் இல்லை. சிறிய ஓவன்களில் மேற்கம்பியின் சூடு கடுமையாக இருக்கும், ஆகவே கீழ்த்தட்டில் வைத்து மேற்கம்பியை அணைத்துவிடுவது நல்லது. லேப்கூக்கனுக்கான தேன் மாவை நம் வெப்பத்தில் வெளியே வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்ளலாம். அங்கே பக்குவப்படுதல் மெல்ல நடக்கும் என்பதால், ஐப்பசிக் கடைசியிலேயே பிசைந்துவிடுவது உத்தமம்.