பௌர்ணமி பார்த்துப் போன ஊர்

“பராட்டிக்கு இரண்டு டிக்கெட்” என்றேன். சாவோ பாவுலோவின் சியெதே பஸ் நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. பரோட்டா கேட்கிறேன் என்று நினைக்க அவருக்கு வழியும் இல்லை. எழுதிக் காட்டினேன். “ஓ, பராச்சி!” என்றார். பிரேசிலில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. ரியோவையே இங்கே “ஹியூ” என்கிறார்கள்.

பராச்சி, ரியோவுக்கும் சாவோ பாவுலோவுக்கும் நடுவே கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊர். நாங்கள் இருக்கும் சாவோ பாவுலோவிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம், ரியோவிலிருந்து நாலரை. முதல் தடவை ஒரு ஜனவரியில் போய்ச் சூடுபட்டிருக்கிறோம். இங்கே அது கோடை, பள்ளி விடுமுறை, அதோடு அடைமழைக் காலம். அறை வாடகை இரண்டு மடங்கு. படகு ரத்து. இரண்டு நாளும் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மழை குறைவாக இருப்பது மே முதல் ஆகஸ்ட் வரை என்று அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாம் தடவை தேதி குறித்தது தினசரி காலண்டர். அம்மா வருஷா வருஷம் யாராவது வரும்போது கொடுத்தனுப்புவார், சமையலறையில் தொங்கும். பராச்சியின் பழைய தெருக்களுக்குள் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் நீர் ஏறிவரும். கடலோரச் சுவரின் திறப்புகள் வழியாக வந்து, தெருவைக் கழுவிவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்றே அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்களாம். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. சனி, ஞாயிறில் பௌர்ணமி எப்போது என்று தாள்களைப் புரட்டினேன். 2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி வரை பௌர்ணமி. அது இந்திய நேரம். எட்டரை மணி நேரம் கழித்தால் பிரேசிலில் அதே நாள் விடியற்காலை ஐந்து. இந்தக் கழித்தலை மறக்காதீர்கள், சில மாதம் தேதியே ஒரு நாள் பின்னால் போய்விடும். கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லி பிரேசில் கடற்படை வெளியிடும் ஓத அட்டவணையில் பக்கத்துத் துறைமுகமான ஆங்ரா தொஸ் ஹெய்ஸுக்குப் பார்த்தேன். சனி மதியம் இரண்டரையை ஒட்டி நீர் உச்சம்.

இதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம். பெரிய படகுகள் காலை பதினொரு மணிவாக்கில் கிளம்பி ஐந்து மணி நேரம் தீவு தீவாகச் சுற்றும். சனிக்கிழமை அதில் ஏறினால் தெருவில் தண்ணீரைத் தவறவிடுவோம். அதனால் படகு ஞாயிறு காலைக்கு. அதுவும் படகுத்துறையில் மணிக்கணக்கில் வாடகைக்கு வரும் சின்னப் படகு. சனி காலை பேன்ஞ்யா பக்கத்து அருவிக்கு. அங்கே சறுக்குமரம் போல வழுவழுத்த பெரிய பாறை. உள்ளூர்ப் பையன்கள் நின்றுகொண்டே சறுக்குகிறார்கள். நான் உட்கார்ந்துகூடச் சறுக்கவில்லை.

அறையைப் பழைய ஊருக்குள்ளேயே போட்டோம். கார்கள் உள்ளே வர முடியாதபடி தெருமுனையில் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். டாக்சி அங்கேயே இறக்கிவிட்டுவிட்டது. அங்கிருந்து முந்நூறு மீட்டர், ஒவ்வொன்றும் தேங்காய் அளவில் உருண்டைக் கற்கள். சக்கரம் வைத்த பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போன முதல் ஆள் நானாக இருக்கமாட்டேன். முதுகுப் பை போதும். இந்தக் கல் தளத்துக்குப் பெயர் ‘பே ஜி மொலேக்கி’, பையனின் கால் என்று அர்த்தம். வேர்க்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த இனிப்புக்கும் அதே பெயர். வாங்கிக் கடித்த என் மனைவி, “கோவில்பட்டிக்காரங்க கேஸ் போடலாம்” என்றாள்.

18ஆம் நூற்றாண்டில் மீனஸ் ஜெராய்ஸ் சுரங்கத் தங்கம் கோவேறு கழுதைகளில் மலையிறங்கி இங்கேதான் கப்பல் ஏறியது. பிறகு ரியோவுக்கு நேர் பாதை போட்டார்கள். பராச்சியைக் கேட்க ஆளில்லை. 1970களில் கடலோர நெடுஞ்சாலை வரும் வரை ஒதுங்கிக் கிடந்ததால்தான் வெள்ளைச் சுவரும் நீல, மஞ்சள் கதவுமாக வீடுகள் அப்படியே தப்பித்தன. 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாயிற்று. 1722இல் கட்டிய சான்ட்டா ஹீட்டா தேவாலயம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கலப்பினத்தவருக்கானது. அடிமைகளுக்குத் தனிக் கோயில், வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குத் தனிக் கோயில். எல்லாம் நடக்கிற தூரத்தில்தான்.

சனிக்கிழமை ஒன்றரைக்கே போய் அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் நின்றோம். ஒன்றும் இல்லை. ஓத உயரம் இங்கே ஒன்றரை மீட்டருக்குள்தான், ஏமாந்தோமோ என்று நினைத்தேன். தெருவின் நடுப்பகுதி வாய்க்கால் போலச் சற்றுத் தாழ்ந்திருக்கும். அங்கே இரண்டு கற்களுக்கு இடையில் முதலில் ஈரம் தெரிந்தது. பிறகு ஒரு கோடு. சத்தமே இல்லை. கடைக்காரர் ஒருவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒரு பலகையை எடுத்துத் தெருவுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டுவிட்டு உள்ளே போனார். இரண்டேமுக்காலுக்குக் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் தலைகீழாக தேவாலயம். ஒரு நாய் மட்டும் நனையாமல் கல் கல்லாகத் தாண்டிப் போனது. நாங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஆகஸ்ட் தண்ணீர் சில்லென்றிருந்தது.

ராத்திரி ‘கமராவ் கசாஜீன்யோ’ சாப்பிட்டோம். மரவள்ளி மாவை வறுத்து நடுவில் வைத்து, இரண்டு பெரிய இறால்களை ஜோடியாகக் கட்டிப் பொரிப்பது. பெயரும் கல்யாண ஜோடி என்பது போலத்தான்.

ஒரே ஒரு கணக்குத் தப்பியது. ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு பிரேசிலில் தந்தையர் தினம். படகிலிருந்து இறங்கிச் சாப்பிடப் போனால், அப்பாக்களை நடுவில் உட்காரவைத்த குடும்பங்கள் எல்லா மேசையிலும். அம்மா கொடுத்தனுப்பும் காலண்டரில் அது எப்படி இருக்கும்? கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே நாலு மணி பஸ்ஸைப் பிடித்தோம்.